நன்றாக விளைந்தும் காசு ஏன் நிற்கவில்லை?

தை மாதம். களத்தில் நெல் குவிந்து கிடக்கிறது. ஏக்கருக்கு முப்பது மூட்டைக்குக் குறையாது என்பதில் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. "ஏங்க, அடகுல கிடக்கிற வளையலை இந்தத் தடவையாவது மீட்டுடலாமா?" என்று மனைவி கேட்கிறார். "பணம் வரட்டும், பார்ப்போம்" என்கிறார் கணவர்.

பணம் வருகிறது. வந்த வாரத்திலேயே உரக்கடைப் பாக்கி, அறுவடை மெஷின் வாடகை, மோட்டார் சைக்கிள் டியூ, உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்து என்று ஒவ்வொன்றாகக் கை நீட்டுகின்றன. மாசி பிறப்பதற்குள் வங்கிக் கணக்கில் மிஞ்சுவது ஆயிரமோ, இரண்டாயிரமோதான். வளையலுக்கு வட்டியை மட்டும் கட்டி, மறுபடியும் அடகுச் சீட்டை மாற்றி வைத்துவிட்டு வருகிறார்கள். வைகாசியில் குறுவை உழவுக்குப் புதுக்கடன்.

டெல்டாவில் மட்டுமல்ல, கிணற்றுப் பாசனம், மானாவாரி என்று எந்த ஊருக்குப் போனாலும் இந்தக் கதையைக் கேட்கலாம். விளைபொருளுக்குக் கட்டுப்படியான விலை இல்லை என்பது இதற்கு முதல் காரணம். அந்த விலைக்காகக் குரல் கொடுப்பதும் நியாயமே. ஆனால், விலையை நிர்ணயிப்பது விவசாயியின் கையில் இல்லை. எதை வாங்குவது, எதை வாங்காமல் விடுவது என்பது பெரும்பாலும் அவர் கையில்தான் இருக்கிறது.

செலவு குட்டி போடும்

ஆடு குட்டி போட்டால் வருமானம். செலவு குட்டி போட்டால் கடன். இதற்கு வயலிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது.

45 கிலோ யூரியா மூட்டையின் விலை 266 ரூபாய் 50 காசு. மற்ற உரங்களோடு பார்த்தால் மலிவு. அதனால் பயிர் கொஞ்சம் வெளிறினாலே, 'எதற்கும் ஒரு மூட்டை போட்டு வைப்போம்' என்று தோன்றுகிறது. தழைச்சத்து அளவுக்கு மிஞ்சினால் பயிர் கரும்பச்சையாகச் செழித்து, இலை மிருதுவாகிவிடும். இலைச் சுருட்டுப்புழுவுக்கும் புகையானுக்கும் குலைநோய்க்கும் அது விருந்து. உடனே மருந்துக்கடைக்கு ஓட்டம். அங்கே பைரித்ராய்டு வகை மருந்தைக் கொடுத்தால், புகையானைத் தின்னும் சிலந்தியும் நன்மை செய்யும் வண்டுகளும் செத்து, புகையான் முன்பைவிடப் பெருகும். அதற்கு இன்னொரு மருந்து, இன்னொரு ஆள் கூலி. கடைசியில் பயிர் சாய்ந்து, மெஷின் அறுக்க இரண்டு மடங்கு நேரம் ஆகும். 266 ரூபாயில் தொடங்கிய செலவு இப்படிக் குட்டி மேல் குட்டி போடுகிறது.

இதற்கு மாற்று, கையில் அடங்கும் ஓர் இலை வண்ண அட்டை. நடவு செய்த 14-ம் நாளிலிருந்து கதிர் வரும் வரை, வாரம் ஒரு முறை, வயலில் பத்து இடங்களில் நன்கு விரிந்த இளம் இலையை அட்டையோடு ஒப்பிட வேண்டும். வெயில் நேராகப் படாமல், பார்ப்பவரின் நிழலில் வைத்துப் பார்ப்பது முக்கியம். பத்தில் ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட இலைகள் 4-ம் எண்ணுக்குக் கீழே இருந்தால்தான் யூரியா போட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு இந்த எண் 3. அப்போதும் பருவத்தைப் பொறுத்து ஏக்கருக்கு 26 முதல் 30 கிலோ போதும். இலை பச்சையாக இருக்கும் வாரத்தில் வரப்போடு திரும்பி வந்துவிடலாம்.

வியட்நாம் கற்ற பாடம்

குறைத்தால் விளைச்சல் போய்விடுமே என்ற பயம் எல்லா ஊர் விவசாயிக்கும் உண்டு. வியட்நாமின் மீகாங் டெல்டா விவசாயிகளுக்கும் அந்தப் பயம் இருந்தது. நட்ட சில வாரங்களில் இலைச் சுருட்டுப்புழுவைக் கண்டதுமே மருந்து அடித்துவிடுவார்கள். 1990-களில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகளும் உள்ளூர் அலுவலர்களும் அவர்களிடம் ஒரே ஒரு சோதனையைச் செய்து பார்க்கச் சொன்னார்கள். வயலில் ஒரு சிறு பகுதியில் மட்டும் முதல் 40 நாட்களுக்குப் பூச்சிமருந்து அடிக்காமல் விட்டு, விளைச்சலை ஒப்பிட்டுப் பாருங்கள் என்பதே அது. வானொலி நாடகம் போட்டும் சுவரொட்டி ஒட்டியும் இந்தச் செய்தியைப் பரப்பினார்கள். செய்து பார்த்தவர்கள் விளைச்சல் குறையவில்லை என்பதைத் தங்கள் வயலிலேயே கண்டார்கள். இளம் பயிர் புது இலை விட்டுத் தன்னைத் தேற்றிக்கொள்கிறது என்பதுதான் காரணம்.

2000-களில் இது 'மூன்று குறைப்பு, மூன்று கூடுதல்' என்ற திட்டமாக வளர்ந்தது. விதை, உரம், மருந்து மூன்றையும் குறைத்தால் விளைச்சல், தரம், லாபம் மூன்றும் கூடும் என்பது அதன் பொருள். பிறகு அதுவே 'ஒன்று கட்டாயம், ஐந்து குறைப்பு' என்று மாறியது. விதை அளவு, உரம், மருந்து, தண்ணீர், அறுவடைக்குப் பிந்தைய சேதம் ஆகிய ஐந்தையும் குறைக்க வேண்டும். கட்டாயம் என்று வைத்த ஒன்று, சான்று பெற்ற நல்ல விதை. சிக்கனம் என்பது எல்லாவற்றையும் வெட்டுவது அல்ல, எதை வெட்டக் கூடாது என்று தெரிந்து மற்றதை வெட்டுவது.

நம் ஊர் திருந்திய நெல் சாகுபடியும் இதே வழியில் வந்ததுதான். குறுகிய கால ரகத்துக்குச் சாதாரண நடவில் ஏக்கருக்கு 24 கிலோ விதை. திருந்திய முறையில் 3 கிலோ.

வீட்டுக்குள் போடும் குட்டி

வயலில் நடப்பதுதான் வீட்டிலும் நடக்கிறது. தவணையில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தால் பெட்ரோல், இன்சூரன்ஸ், சர்வீஸ் என்று கூடவே வருகின்றன. பெரிய டி.வி வந்தால் அதற்கு ஒரு ஸ்டாண்டு, மாதச் சந்தா. வாங்கும் நாளில் பொருளின் விலைதான் கண்ணுக்குத் தெரியும், அதை வைத்திருக்கும் செலவு தெரியாது.

வட்டிக் கணக்கும் அப்படித்தான். 'ஒரு லட்சம் கடன், வருடத்துக்கு 12 சதவீதம் பிளாட் வட்டி, மூன்று வருடத் தவணை' என்று சொன்னால் குறைவாகத் தோன்றும். மூன்று வருடத்தில் வட்டி மட்டும் 36,000 ரூபாய். மாதம் 3,778 ரூபாய் கட்ட வேண்டும். அசலை மாதா மாதம் திருப்பிக் கட்டிக்கொண்டே வந்தாலும், முழு லட்சத்துக்கும் கடைசி வரை வட்டி போடுகிறார்கள். குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் உண்மையான வட்டி சுமார் 21 சதவீதம். எனவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி, 'வட்டி எவ்வளவு?' என்பது மட்டுமல்ல. 'மொத்தம் எவ்வளவு கட்டி முடிப்பேன்?' என்றும் கேட்க வேண்டும்.

ஊர்க்கடன் இன்னும் கொடியது. 'மூணு வட்டி' என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய், வருடத்துக்கு 36 சதவீதம். விசேஷத்துக்காக 50,000 ரூபாய் வாங்கினால் வருடத்துக்கு வட்டி 18,000. குவிண்டால் நெல் 2,500 ரூபாய் என்று வைத்தாலும் ஏழு குவிண்டாலுக்கு மேல் வட்டிக்கே போய்விடும். பந்தலும் பிளெக்ஸ் பேனரும் இரண்டு நாளில் இறங்கிவிடுகின்றன. வட்டி மட்டும் அடுத்த அறுவடைக்கும் வந்து நிற்கிறது.

இதற்கு நேர்மாறாக, விவசாயக் கடன் அட்டையில் பயிர்க்கடன் 7 சதவீத வட்டியில் கிடைக்கிறது. தவணை தவறாமல் கட்டினால் 3 சதவீதம் தள்ளுபடி. தமிழ்நாட்டில் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடனைக் கெடு தேதிக்குள் கட்டினால் வட்டியே இல்லை. ஆனால், பயிர்க்கடனை எடுத்து விசேஷத்தில் செலவழித்துவிட்டுக் கெடு தவறினால் இந்தச் சலுகை கை நழுவிவிடும். கிடைக்கும் கடனிலேயே மலிவானதை இப்படி விலை உயர்ந்ததாக்கிக் கொள்வது பலரும் செய்யும் தவறு.

எளிமை தாழ்வு அல்ல

'செலவைக் குறைத்தால் ஊரில் என்ன சொல்வார்கள்?' என்ற கூச்சம்தான் பல வீடுகளில் தடை. இந்தக் கூச்சத்துக்கு ஜே.சி.குமரப்பா என்றோ பதில் சொல்லிவிட்டார்.

1892-ல் தஞ்சாவூரில் பிறந்தவர் குமரப்பா. லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, பம்பாயில் சொந்தத் தணிக்கை நிறுவனம் நடத்தியவர். அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி படித்தவர். காந்தியைச் சந்தித்த பிறகு கோட்டு சூட்டை விட்டுக் கதருக்கு மாறினார். 1934-ல் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில்கள் சங்கத்தை வார்தாவில் இருந்து நடத்தினார். கடைசிக் காலத்தில் மதுரை மாவட்டம் டி.கல்லுப்பட்டியில் எளிய குடிலில் வாழ்ந்து, 1960 ஜனவரி 30-ல் மறைந்தார். காசு கணக்கை ஆழமாகக் கற்ற ஒருவர் தேர்ந்தெடுத்த வாழ்க்கை அது.

வாழ்க்கைத் தரத்தை உயர்ந்தது, தாழ்ந்தது என்று பிரிப்பதே தவறு என்றார் அவர். எளிய வாழ்க்கை, சிக்கலான வாழ்க்கை என்றுதான் பிரிக்க வேண்டும். நிறையப் பொருள் இருப்பது சிக்கலான வாழ்க்கையே தவிர, உயர்ந்த வாழ்க்கை ஆகிவிடாது. சத்தான சாப்பாடு, சுத்தமான குடிநீர், கடன் இல்லாத தூக்கம் உள்ள வீடு எளியதாக இருந்தாலும் உயர்ந்த வீடுதான். வாங்கும் பொருள் யார் உழைப்பில் உருவானது, கொடுக்கும் காசு யாரிடம் போகிறது என்று கேட்பதும் வாங்குபவரின் கடமை என்றார். பக்கத்து ஊர்ச் செக்கில் எண்ணெய் வாங்கினால் காசு ஊரையே சுற்றி வரும், பிண்ணாக்கும் மாட்டுக்குக் கிடைக்கும்.

கை வைக்கக் கூடாத செலவுகள்

சான்று பெற்ற விதை, மண் பரிசோதனை, மாட்டுக்குத் தடுப்பூசி, பிள்ளைகளின் படிப்பு, வீட்டார் மருத்துவம் ஆகியவற்றில் சிக்கனம் பார்த்தால் அது பின்னால் பெரிய செலவாகத் திரும்பும். பயிர்க் காப்பீடும் அப்படியே. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் காரிஃப் உணவுப் பயிர்களுக்குக் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், ராபிக்கு 1.5 சதவீதம், வணிக, தோட்டக்கலைப் பயிர்களுக்கு அதிகபட்சம் 5 சதவீதம்தான் விவசாயியின் பங்கு.

பாலும் முட்டையும் மொத்தமாக விற்றுவிட்டு, அந்தக் காசில் பிள்ளைகளுக்குப் பாக்கெட் தின்பண்டம் வாங்குவதும் சிக்கனம் அல்ல. கொல்லையில் முருங்கை, பப்பாளி, கீரை, நாலு கோழி இருந்தால் வாரச் சந்தைச் செலவும் குறையும், சத்தும் வீட்டிலேயே தங்கும்.

காத்திருக்கும் பலம்

இத்தனை சிக்கனமும் எதற்காக? அறுவடை நேரத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் விற்கும்போது விலை இறங்கும். உளுந்து, நிலக்கடலை, மிளகாய், மஞ்சள் போன்றவற்றைக் கொஞ்ச நாள் காய வைத்து இருப்பு வைத்தால் நல்ல விலைக்கு வாய்ப்பு உண்டு. ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கிடங்கில் சரக்கை வைத்து, அதன் மேல் பொருளீட்டுக் கடனும் வாங்கலாம். ஆனால், வாசலில் டியூக்காரரும் உரக்கடைக்காரரும் நிற்கும் வீட்டில் காத்திருக்க முடியாது. களத்திலேயே வியாபாரி கேட்ட விலைக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான். குறைவாக வாங்கும் விவசாயியால்தான் பொறுத்து விற்க முடியும்.

தொடங்குவதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். இடது பக்கம் வயல் செலவு, வலது பக்கம் வீட்டுச் செலவு. கணவன், மனைவி இருவரும் அன்றன்று எழுத வேண்டும். ஒரு போகம் முடிந்ததும் இல்லாமலே சமாளித்திருக்கக்கூடிய செலவுகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டால், அடுத்த போகத்துக்கு எதை விடலாம் என்பது தானாகத் தெரியும். ஆயிரம் ரூபாய்க்கு மேல் எதை வாங்குவதானாலும் ஒரு வாரம் தள்ளிப்போடுவது என்று வீட்டுக்குள் ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். அந்த ஒரு வாரத்தில் பாதி ஆசைகள் தாமாகவே விலகிவிடும். மிஞ்சும் காசில் முதல் வேலையாக அடகு வளையலை மீட்டுவிட்டால், வருடா வருடம் கட்டும் வட்டியும் மிச்சம்.

வாசகர் கேள்விகள்

கேள்வி: நான்கு ஏக்கர் இருக்கிறது. டிராக்டருக்கு வாடகை கொடுத்தே காசு கரைகிறது. சொந்தமாக வாங்கலாமா?

பதில்: மணிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏக்கருக்கு ஒரு போகத்துக்கு 4 மணி நேரம் என்றால், இரண்டு போகத்துக்கு மொத்தம் 32 மணி நேரம். 5 லட்சம் கடனை 12 சதவீத வட்டியில் ஐந்து வருடத்தில் கட்டினால் வருடத்துக்குச் சுமார் 1,33,000 ரூபாய் தவணை வரும். டீசல், டிரைவர், ரிப்பேர் சேர்க்காமலே மணிக்கு 4,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. ஊர் வாடகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வருடம் முழுக்க வெளி வேலைக்கு ஓட்ட ஆளும் வேலையும் இருந்தால் ஒழிய சொந்த டிராக்டர் கட்டுப்படியாகாது. உழவன் செயலி வழியாக வேளாண் பொறியியல் துறை இயந்திரங்களை வாடகைக்குப் பதிவு செய்யலாம். நாலைந்து பேர் சேர்ந்து ஒரே நாளில் வரவழைத்தால் இன்னும் நல்லது.

கேள்வி: பக்கத்து வீட்டில் இருக்கிறது என்று பிள்ளைகள் எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. என்ன செய்வது?

பதில்: 'இல்லை' என்பதற்குப் பதில் கணக்கு நோட்டைக் காட்டுங்கள். ஒரு போகத்தின் வரவு செலவைப் பத்தாவது படிக்கும் பிள்ளையையே கூட்டச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டில் பொருள் தெரியும், அதன் பின்னால் இருக்கும் கடன் தெரியாது என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள். படிப்புக்குத் தேவையானதை ஒருபோதும் மறுக்காதீர்கள். மற்றதற்கு, பிள்ளைகளே வளர்க்க ஓர் ஆட்டுக்குட்டியை அவர்கள் பொறுப்பில் விடுங்கள். அதை விற்று வரும் காசில் எதை வாங்குவது என்று அவர்களே முடிவு செய்யட்டும்.