வளரும் தாடை

ஈச்சிலம்பற்றானாலென்ன, யாழ்ப்பாணமானாலென்ன, குழந்தைக்கு முதற் பல் அரும்பினால் தமிழர் இல்லங்களிலே பல்லுக் கொழுக்கட்டை அவிப்பது வழக்கம். பல்லைக் கண்டு மகிழும் நாம், அதனைத் தாங்கி நிற்கும் கீழ்த்தாடையைப் பற்றி நினைப்பதில்லை. அதன் வளர்ச்சியோ வியப்புக்குரியது.

பிறந்த குழந்தையின் கீழ்த்தாடை ஒரே எலும்பன்று. நடுவிலே பொருந்திய இரு பாதிகள். முதலாண்டிலே அவை ஒன்றாகிவிடுகின்றன. அப்பருவத்தில் தாடையின் கோணம் விரிந்தும், மோவாய் உள்வாங்கியும் இருக்கும்.

பின்னர் தாடை எப்பக்கமாக நீளுகிறது? மோவாயிலே எலும்பு சேர்ந்து முன்னே வளருகிறதென்றே பலரும் எண்ணுவர். உண்மை வேறு. 1771 ஆம் ஆண்டில் மனிதரின் பற்களைப் பற்றி நூல் வெளியிட்ட இலண்டன் சத்திரவைத்தியர் ஜோன் ஹன்ரர், பல வயதினரின் தாடைகளை ஒப்புநோக்கி, பாற்பற்கள் நிற்கும் முற்பகுதி அதிகம் நீளாது, பின்புறத்திலேயே இடம் பெருகுவதைக் கண்டார். காதை நோக்கி எழும் தாடைக் கிளையின் பின்விளிம்பிலே புதிய எலும்பு படியும். முன்விளிம்பிலே பழைய எலும்பு கரையும். மூட்டிலுள்ள குருத்தெலும்பும் வளரும். மேலே மண்டையோடு தடுத்து நிற்பதால், தாடை கீழும் முன்னுமாக நகரும். வெருகலாற்றிலே கம்பை ஊன்றிப் பின்னோக்கித் தள்ளினால் தோணி முன்னே செல்லுமல்லவா? அதுபோலத்தான்.

பின்னே உண்டாகும் இவ்விடத்திலே ஏறத்தாழ 6 வயதில் முதற் பெரிய கடைவாய்ப் பல் முளைக்கிறது. இங்கேதான் பெற்றோர் ஏமாந்துபோகின்றனர். எந்தப் பல்லும் விழாமலே இது தோன்றுவதால், "பாற்பல்தானே, விழுந்து முளைக்கும்" என்று, சூத்தை கண்டபோதும் விட்டுவிடுகின்றனர். இது விழுந்து முளைக்கும் பல்லன்று, இழந்தால் இழந்ததே.

12 வயதளவில் இரண்டாவது பெரிய கடைவாய்ப் பல்லும், 17 வயதுக்குப் பின் ஞானப்பல்லும் வரும். இடம் போதாவிடின் ஞானப்பல் சாய்ந்து நின்று வருத்தும். கட்டிளம் பருவத்திலே பெண்பிள்ளைகளின் தாடை முந்தியும், ஆண்பிள்ளைகளின் தாடை ஓரிரு ஆண்டுகள் பிந்தியும் விரைந்து வளரும். சிறுவனின் முகத்திலே தந்தையின் சாயல் திடீரெனத் தெளிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மரத்தினின்று விழுந்து மோவாயில் அடிபட்ட பிள்ளையை, தோற்காயம் ஆறியதும் மறந்துவிடலாகாது. காதருகே மூட்டு முறிந்திருப்பின், அப்பக்கத்துத் தாடையின் வளர்ச்சி குன்றி முகம் கோணக்கூடும். வைத்தியரிடம் காட்டுதல் நன்று.

முதற் பல்லுக்குக் கொழுக்கட்டை அவித்த தாய்மாரே, பிள்ளை 6 வயதை எட்டும்போதும் ஒருநாள் வெளிச்சத்திலே நிறுத்தி வாயைத் திறந்து பாருங்கள். கடைசியிலே புதிதாய் நிற்கும் அந்தப் பல், ஆயுள் முழுவதற்கும் உரிய பல்.