ஏரியும் எரிமலையும் எழுத்துக் கல்லும்

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதி செபராங் பிறை எனப்படும். அதன் தென்பால் அமைந்த ஊர் சிம்பாங் அம்பாட். மலாய் மொழியில் 'சிம்பாங்' என்பது சாலைச் சந்தி. 'அம்பாட்' என்பது நான்கு. நாற்சந்தி என்பதே ஊர்ப்பெயரின் பொருளாம். இங்கிருந்து வடக்கே சென்றால் புக்கிட் மெர்தாஜத்தை அடையலாம். 'புக்கிட்' என்றால் குன்று. குன்றின் பெயரே ஊருக்கும் ஆயிற்று. அக்குன்றின் அடிவாரமே செரோக் தோக் குன்.

விடுமுறை நாளில் மாணவரை வெளியே அழைத்துச் செல்ல விரும்பும் ஆசிரியருக்கும், மிகுந்த பொருட்செலவு இயலாத குடும்பத்தாருக்கும் இவ்விடம் மிக ஏற்றது. அடர்ந்த காடு, நிழல் தரும் பெருமரங்கள், சிற்றோடை, மேலேறும் மலைப்பாதை ஆகிய அனைத்தும் இங்குண்டு. கட்டுச்சோறும் குடிநீரும் கொண்டு சென்றால் போதும். ஆயினும், உண்டு களித்துத் திரும்புவதோடு பயணம் முடிந்துவிடலாகாது. இப்பகுதியில் காணத்தக்க பொருள்கள் மூன்று. அவை மூன்றும் தோற்றத்தில் ஒன்றாகவும், உண்மையில் மற்றொன்றாகவும் இருப்பன.

முதலாவது, ஏரி. மலைக்கு அப்பால் விரிந்து கிடக்கும் மெங்குவாங் நீர்ப்பரப்பைக் காண்போர் அதனை இயற்கை ஏரி என்றே எண்ணுவர். அஃது 1985-இல் கட்டி முடிக்கப்பெற்ற அணையின் நீர்த்தேக்கமாகும். தொடக்கத்தில் 2,360 கோடி லிட்டராக இருந்த அதன் கொள்ளளவு, பின்னர் நடைபெற்ற விரிவுப் பணியால் 8,640 கோடி லிட்டராக உயர்ந்தது. பினாங்கு மாநிலத்தின் மிகப் பெரிய அணை இதுவே. அழகுக்காக அமைந்ததன்று, மக்களின் குடிநீருக்காக அமைந்தது.

இரண்டாவது, எரிமலை. வானம் தெளிந்த நாளில் வடதிசையில், கெடா மாநிலத்தில், ஓங்கி நிற்கும் குனோங் ஜெராய் தென்படும். அதன் உயரம் 1,217 மீட்டர். சமவெளியில் தனித்து எழுந்து, உச்சியில் முகில் சூடி நிற்கும் அம்மலையைக் கண்ட சிறுவர், 'இஃது எரிமலையா?' என வினவுதல் இயல்பே. அன்று. மலாயாத் தீபகற்பத்தில் உயிருள்ள எரிமலை எதுவும் இல்லை. பூமிக்கு மேலே பீறிட்டுப் பாய்ந்த குழம்பு எரிமலைப் பாறையாகிறது. பூமிக்குள்ளேயே நெடுங்காலம் தங்கி மெல்லக் குளிர்ந்த குழம்பு கருங்கல்லாகிறது. செரோக் தோக் குன்னில் நம் காலடியில் கிடப்பதும் இத்தகைய கருங்கல்லே.

உண்மையான எரிமலைகளைக் காண நீரிணையைக் கடந்து சுமத்திராவுக்குச் செல்லல் வேண்டும். அங்குள்ள தோபா ஏரி, ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த மாபெரும் எரிமலை வெடிப்பால் உண்டான பள்ளத்தில் நீர் நிறைந்து தோன்றியது. அவ்வெடிப்பின் சாம்பல் பேராக் மாநிலத்தின் லெங்கோங் பள்ளத்தாக்கிலும், கடல் கடந்து இந்தியாவில் ஆந்திரத்தின் ஜ்வாலாபுரத்திலும் படிந்திருக்கக் காண்கிறோம்.

மூன்றாவதே தமிழாசிரியர்க்குப் பெரிதும் உரியது. அடிவாரத்தில், புனித அன்னாள் தேவாலய வளாகத்தினுள், எழுத்துப் பொறித்த பாறை ஒன்று உள்ளது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையைச் சேர்ந்த ஜேம்ஸ் லோ என்பார் 1845-இல் இதனைக் கண்டறிந்தார். செபராங் பிறையின் வடபகுதியில் 1834-இல் கிடைத்த புத்தகுப்தன் என்னும் மாலுமியின் கல்வெட்டை வெளிப்படுத்தியவரும் அவரே; அக்கல் இப்போது கல்கத்தா அருங்காட்சியகத்தில் உள்ளது. செரோக் தோக் குன் பாறையோ தான் பிறந்த மலையடியிலேயே நிற்கிறது.

இதனைத் தமிழ்க் கல்வெட்டென ஆர்வத்தால் கூறிவிடுதல் தவறாகும். இதன் மொழி வடமொழி. ஆனால் எழுத்தோ, பல்லவர் எழுத்து எனப்படும் தென்னிந்திய வரிவடிவம். அவ்வரிவடிவமே கடல் கடந்து சாவக எழுத்துக்கும் கெமர் எழுத்துக்கும் தாயாயிற்று. தமிழெழுத்தின் இன்றைய உருவம் அமைந்ததிலும் அதற்குப் பங்குண்டு. இராசேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பு 1025-ஐ ஒட்டி நிகழ்ந்தது. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தென்னாட்டு எழுத்து படையின்றி இங்கு வந்து சேர்ந்துவிட்டது என்பதற்கு இப்பாறை சான்று. உண்மையே இத்துணைச் சிறப்புடையதாயிருக்க, மிகைக்கு இடமேது?

வெயிலும் மழையும் இவ்வெழுத்துகளைத் தேய்த்து வருகின்றன. எனவே மாணவர் பாறையைத் தொடுதலும், தெளிவாகத் தெரியுமென்று சுண்ணக்கட்டியால் வரிகளை நிரப்புதலும் கூடா. காலை அல்லது மாலையின் சாய்ந்த ஒளியே மங்கிய எழுத்தை எடுத்துக்காட்ட வல்லது. வளாகம் வழிபாட்டிடம் ஆதலின் அமைதி காத்தல் முறை. சூலை 26-ஐ ஒட்டிய திருவிழா நாள்களில் பெருந்திரளான யாத்திரிகர் கூடுவர். மாணவரை அழைத்துச் செல்வோர் வேறு நாளைத் தேர்தல் நன்று.

நீர்த்தேக்கத்தை நீர்த்தேக்கமென்றும், கருங்கல்லைக் கருங்கல்லென்றும், வடமொழிக் கல்வெட்டை வடமொழிக் கல்வெட்டென்றும் கண்டறிந்து திரும்பும் மாணவன், ஒருவேளைக் கட்டுச்சோற்றுச் செலவில் மெய்ப்பொருள் காணக் கற்றவனாவான்.