உங்களுக்குத் தெரியுமா? இடுப்பு வலியும் முடக்கமும்

கிருஷ்ணகிரி மாவட்டத்து உத்தனப்பள்ளி வட்டாரத்துத் தக்காளித் தோட்டங்களில் பகலெல்லாம் குனிந்து காய் பறிப்பவரையும், ஓசூர் ஆலைகளில் ஷிப்டு முழுதும் நின்றபடி பாரம் தூக்குபவரையும் ஒருங்கே வாட்டுகின்ற இடுப்பு வலி, மூன்று மாதங்களைக் கடந்தும் நீடிக்குமாயின், அவர்களை முடக்கிப் போடுவது அவ்வலியின் உக்கிரம் மாத்திரமன்று. வேலைக்குப் போனால் முதுகெலும்பு பின்னும் சேதமுறும் என்ற பீதி, வலியின் கடுமை எவ்வளவாயினும், தன் பங்குக்குத் தனியே மனிதனை வேலையினின்றும் விலக்கிவிடுகிறது என்பதை ஸ்காட்லாந்து எலும்பு மருத்துவர் கார்டன் வாடெலும் அவர் சகாக்களும் 1993-இல் எடுத்துக்காட்டினார்கள். அப்பீதியால் படுத்தே கிடக்க, தசைகள் பலம் குன்றும், நித்திரை கெடும், கூலி நின்ற கவலையும் மனச்சோர்வும் வந்து சேரும்.

ஸ்கேன் படத்தைக் கண்டு கலங்குவோர் அநேகர். 1994-இல் அமெரிக்காவில், முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் செய்து பார்த்தபோது, பாதிப் பேருக்கு மேல் டிஸ்க் பிதுங்கியிருந்தது! ஆகவே, "டிஸ்க் விலகிவிட்டது, இனி குனியவே கூடாது" என்று ஓர் உழைப்பாளியிடம் சொல்லி அனுப்புவது பெரும் அநியாயம் என்பதே என் திடமான அபிப்பிராயம்.

கால் மரத்துப் பலமிழத்தல், சிறுநீர் கட்டுப்படாமை, காய்ச்சல் போன்றவற்றுள் ஏதேனும் ஒன்று வலியோடு சேர்ந்தால் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மற்றையோருக்கு நடமாட்டமும் படிப்படியான தேகப்பயிற்சியுமே பிரதான சிகிச்சை. 2021 ஆகஸ்ட் 5 அன்று இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இல்லம் தேடி வரும் இயன்முறைச் சிகிச்சையும் அடங்கும்.