தானே போகஸ் செய்யும் லேசர் மைக்ராஸ்கோப்!
விடிய விடிய ஜீவ அணுவைக் காவல் காக்கும் விந்தைக் கருவி

தலைமயிர் ஒன்றை எடுத்துப் பாருங்கள். அதன் பருமன் ஏறக்குறைய 70 மைக்ரான். மைக்ரான் என்றால் என்ன? ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால், அதில் ஒரு கூறுதான் மைக்ரான். இந்த மயிரை நீளவாட்டில் நூறு ஏடுகளாகச் சீவ முடியுமா? ஒவ்வொரு ஏட்டையும் தனித்தனியே படம் பிடிக்க முடியுமா?

கத்தியால் முடியாது. ஆனால் ஒளியால் ஏறக்குறைய முடிகிறது! லேசர் மைக்ராஸ்கோப் அந்த வேலையைத்தான் செய்கிறது. உயிரோடு இருக்கும் ஜீவ அணுவை அது வெட்டுவதில்லை, குத்துவதில்லை. அணுவின் உள்ளே ஒரு மைக்ரானுக்கும் குறைவான ஓர் ஏட்டை மட்டும் பார்த்துப் படம் எடுக்கிறது. பிறகு அடுத்த ஏடு, அதற்கடுத்த ஏடு. எல்லாவற்றையும் அடுக்கினால் முழு உருவமும் கிடைத்துவிடுகிறது.

இப்படிப்பட்ட கருவிக்கும் ஒரு சங்கடம் உண்டு. ஏடு மெல்லியது அல்லவா? கருவி இம்மி அசைந்தாலும் அந்த ஏடு கைவிட்டுப் போய்விடும்! அதைத் தானாகவே பிடித்து நிறுத்துவது எப்படி? விஞ்ஞானிகள் அதற்குக் கண்ட வழிகள் சுவையானவை.

ஊசித்துளையின் மகிமை

சாதாரண மைக்ராஸ்கோப்பில் தடித்த பொருளை வைத்தால் படம் தெளிவாக இராது. மேல் ஏட்டின் ஒளி, கீழ் ஏட்டின் ஒளி எல்லாம் ஒன்றாகக் கலந்து வரும். பனிமூட்டத்தில் பார்ப்பது போல இருக்கும்.

அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையில் இருந்த மார்வின் மின்ஸ்கி என்ற இளைஞர் இதற்கு ஒரு வழி கண்டார். மூளையின் நரம்புகள் ஒன்றோடொன்று எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று பார்க்க அவர் விரும்பினார். 1955-ல் புதுவகை மைக்ராஸ்கோப் ஒன்றைச் செய்தார். அதில் ஓர் ஊசித்துளை வழியாக ஒளியை அனுப்பி, ஒரே புள்ளியில் குவித்தார். அந்தப் புள்ளியிலிருந்து திரும்பும் ஒளியை இன்னொரு ஊசித்துளை வழியாக வரச் செய்தார். புள்ளிக்கு மேலும் கீழும் இருந்து வரும் ஒளி துளைக்குள் நுழைய முடியாது. வெளியே முட்டி நின்றுவிடும். பனிமூட்டம் போயிற்று!

ஆனால் ஒரு சமயத்தில் ஒரே புள்ளிதானே தெரியும்? அதனால் பொருளைச் சிறிது சிறிதாக நகர்த்தினார். வரிசை வரிசையாகப் புள்ளி வைத்துக் கோலம் போடுவது போலப் படம் உருவாயிற்று. அந்தப் படத்தை ராணுவம் கழித்துவிட்ட ஒரு ரேடார் திரையில் பார்த்தார்.

1957-ல் மின்ஸ்கி பேடண்ட் உரிமை கேட்டார்; 1961-ல் கிடைத்தது. ஆனால் வாங்குவார் இல்லை. பலமான ஒளியும் வேகமான கம்ப்யூட்டரும் அப்போது கைக்கு வரவில்லை. தியோடர் மைமன் முதல் லேசரை ஒளிர வைத்ததே 1960-ல்தான். மின்ஸ்கியின் யோசனையும் லேசரும் கம்ப்யூட்டரும் ஒன்று சேர்வதற்குள் அவருடைய உரிமைக் காலம் முடிந்துவிட்டது! 1987-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஜான் ஒயிட், பிராட் அமோஸ் முதலியோர் தங்கள் லேசர் மைக்ராஸ்கோப்பில் எடுத்த படங்களை வெளியிட்டார்கள். அதில் பொருள் அசையாமல் இருந்தது. கண்ணாடிகள் அசைந்து லேசர்க் கதிரை அதன் மேல் ஓட்டின. அதன் பிறகு கருவி உலகமெங்கும் பரவியது.

ஒரு டிகிரி சூடு போதும்!

கரு ஒன்று வளர்வதை ஒரு விஞ்ஞானி பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஜீவ அணு இரண்டாகப் பிரியும், இரண்டு நான்காகும். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு படம் வீதம் இரவு முழுவதும் எடுக்க வேண்டும். கருவியை முடுக்கிவிட்டு அவர் வீட்டுக்குப் போகிறார்.

நள்ளிரவில் அறையின் சூடு ஒரே ஒரு டிகிரி ஏறுகிறது. உலோகம் சூட்டில் நீளும் என்பது தெரிந்ததே. 10 சென்டிமீட்டர் அலுமினியத் துண்டு ஒரு டிகிரி சூட்டில் 2.3 மைக்ரான் நீளும். அவர் பார்த்துக்கொண்டிருந்த ஏட்டின் கனமோ ஒரு மைக்ரான்கூட இல்லை! லென்ஸ் விலகிவிட்டால் சாதாரண மைக்ராஸ்கோப்பில் படம் மங்கும். இதிலோ படமே இருண்டுவிடும். ஊசித்துளைதான் மற்ற ஒளியைத் தடுத்துவிடுகிறதே!

காலையில் வந்து பார்த்தால் பாதி இரவுக்கு மேல் வெறும் இருட்டு. பிரிந்துபோன அணு அவருக்காக மறுபடி ஒருமுறை பிரிந்து காட்டுமா? அத்தனை நாள் உழைப்பும் வீண்.

முதல் வழி: குன்று ஏறுவது

கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருவர் குன்றின் உச்சியை அடைய வேண்டும். என்ன செய்வார்? காலால் தடவிப் பார்ப்பார். ஏற்றமாக இருந்தால் முன்னே போவார். இறக்கம் வந்தால் ஓர் அடி பின்வாங்குவார். அதுதான் உச்சி.

மைக்ராஸ்கோப்பும் இப்படிச் செய்கிறது. லென்ஸைச் சிறிது சிறிதாக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் ஒரு படம் எடுக்கிறது. எந்தப் படத்தில் வெளிச்சமும் கூர்மையும் அதிகம் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. அதிகமான இடமே சரியான போகஸ். லென்ஸ் அங்கே போய் நிற்கிறது.

இதில் இரண்டு குறைகள். கண்ணாடியில் தூசி ஒட்டியிருந்தால் அதையே உச்சி என்று நம்பிக் கருவி ஏமாந்துவிடும். அதைவிடப் பெரிய குறை, தேடும் நேரமெல்லாம் லேசர் ஒளி ஜீவ அணுவின் மேல் படுகிறது. அதிகம் பட்டால் அணு வாடும், செத்தும் போகும். உயிரைப் பார்க்கப் போய் உயிரையே பறித்தால் என்ன லாபம்?

இரண்டாம் வழி: கண்ணாடியைக் கேட்பது

ஜீவ அணுவைத் தொந்தரவு செய்யாத வழி ஒன்று உண்டு. அணு தண்ணீர் போன்ற திரவத்தில் ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் இருக்கிறது. லென்ஸ் தகட்டின் கீழே நின்று மேலே பார்க்கிறது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் தகட்டின் மேல் அனுப்புகிறார்கள். காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் இடத்தில் நூற்றுக்கு 4 பங்கு ஒளி திரும்பி வரும். கண்ணாடியும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் ஆயிரத்துக்கு 4 பங்குதான் வரும். அந்தச் சொற்ப ஒளியே போதும்!

லென்ஸுக்கும் தகட்டுக்கும் உள்ள தூரம் மாறினால், திரும்பி வரும் ஒளி விழும் இடமும் மாறும். இதை ஒரு மின்சாரக் கண் கவனித்துக்கொண்டே இருக்கும். இம்மி விலகினாலும் லென்ஸைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிடும். தள்ளுவதற்குப் பெரும்பாலும் மோட்டார். மிக நுட்பமான வேலைக்கு ஒருவகைப் படிகம். அதில் மின்சாரம் பாய்ந்தால் மைக்ரானில் சிறு பகுதி அளவுகூட நீளும்.

இந்தக் காவல்காரனுக்கும் ஒரு குறை உண்டு. அவனுக்குத் தகட்டைத்தான் தெரியும், அணுவைத் தெரியாது. அணு ஊர்ந்து மேலே போனாலும், கரு வளர்ந்து பருத்தாலும் அவன் பழைய இடத்தையே காத்துக்கொண்டிருப்பான். ஆகவே இரண்டு வழிகளையும் சேர்த்துக் கையாளுகிறார்கள். ஓயாத காவலுக்குத் தகடு. எப்போதாவது ஒருமுறை, மங்கலான ஒளியில், சில படங்கள் மட்டும் எடுத்து அணுவையும் தேடிப் பார்ப்பது.

கண் நோய்க்கும் உதவி

லேசர் மைக்ராஸ்கோப் ஆராய்ச்சிக்கூடத்தோடு நின்றுவிடவில்லை, ஆஸ்பத்திரிக்கும் வந்துவிட்டது. வயலில் வேலை செய்பவர் கண்ணில் நெல் உமியோ தழையோ பட்டுக் கருவிழியில் புண் வருவது உண்டு. அந்தப் புண்ணுக்குக் காரணம் பாக்டீரியாவா, காளான் கிருமியா? மருந்து வேறு வேறு. கிருமியை வளர்த்துப் பார்க்கச் சில நாள் ஆகும். லேசர் மைக்ராஸ்கோப்போ காளானின் இழைகளைக் கண்ணிலேயே நேராகக் காட்டும். மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில் நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2016-ல் வெளிவந்தது. காளானைக் கண்டுபிடிக்க இக்கருவி நல்ல துணை என்று அது காட்டிற்று.

கருவிழியின் கனம் அரை மில்லிமீட்டர்தான். அதில் சரியான ஏட்டைப் பிடிக்க வேண்டும். நோயாளி மூச்சு விட்டாலும், நாடி துடித்தாலும் கண் அசையும். கண்ணாடித் தகட்டை விடக் கடினமான காவல் இது. சரியான ஏடு சீக்கிரம் கிடைத்தால் சரியான மருந்தும் சீக்கிரம் கிடைக்கும். ஒரு மைக்ரான் என்பது கேட்பதற்குத்தான் அற்பம். பார்வையை இழக்க இருப்பவருக்கு அது அற்பம் அல்ல!