கையெழுத்துக்கு முன் நான்கு சொற்கள்

கும்பளங்கி ஒரு சிறிய ஊர். கொச்சிக்குத் தெற்கே இருக்கிறது. சுற்றிலும் காயல். கரையோரம் சீன வலைகள். மழைக் காலத்தில் பொக்காளி நெல் விளையும். அறுவடை முடிந்ததும் அதே வயலில் இறால் வளர்ப்பார்கள்.

ஊரில் பேசுவது மலையாளம். மட்டாஞ்சேரிப் பக்கம் போனால் தமிழும் கேட்கும். ஆனால் வங்கிக்குப் போனால் என்ன கேட்கிறது?

"கிளெய்ம் கொடுத்தாச்சா?"

"டிக்ளரேஷன்ல ஒரு கையெழுத்துப் போடுங்க."

நாமும் போடுகிறோம். எதில் போட்டோம்? அதில் என்ன சொன்னோம்? தெரியாமல் போட்டால் நட்டம் நமக்குத்தான். அதனால் நான்கு சொற்களைத் தெரிந்துகொள்வோம்.

1. கிளெய்ம்

"இது எனக்குச் சேர வேண்டியது, கொடுங்கள்" என்று கேட்பதுதான் கிளெய்ம். தமிழில் உரிமை கோருதல் என்போம். லத்தீன் என்ற பழைய மொழியிலிருந்து வந்த சொல் இது. அந்த மொழியில் இதற்கு உரக்கக் கூவுதல் என்று பொருள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று நாம் சொல்வதில்லையா? அது போலத்தான்.

மீன் பிடிக்கப் போகும் ஒருவர் வங்கியில் கணக்கு வைத்திருக்கிறார். 'சுரக்ஷா பீமா' என்ற விபத்துக் காப்பீட்டில் சேர்ந்திருக்கிறார். அதற்காக ஆண்டுக்கு 20 ரூபாய் கணக்கில் கழிகிறது. விபத்தில் அவர் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் உண்டு. ஆனால் யாரும் அந்தப் பணத்தை வீடு தேடிக் கொண்டுவந்து தர மாட்டார்கள். வாரிசு வங்கிக்குப் போக வேண்டும். கிளெய்ம் படிவம் கொடுக்க வேண்டும். இறப்புச் சான்று முதலிய தாள்களை இணைக்க வேண்டும். கணவர் சேர்ந்த விஷயம் மனைவிக்குத் தெரியாவிட்டால் யார் கேட்பது?

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். கிளெய்ம் என்பது கேட்பது மட்டுமே. சான்று காட்டினால்தான் அது நிற்கும். "இந்த எண்ணெய் தேய்த்தால் முடி வளரும்" என்று விளம்பரம் சொல்வதும் ஒரு கிளெய்ம்தான். அவர்கள் சொல்கிறார்கள், அவ்வளவே. உண்மையா என்று நாம்தான் பார்க்க வேண்டும்.

2. அசெர்ட்

அசெர்ட் என்றால் உறுதியாக நின்று சொல்வது. கிளெய்ம் செய்பவர் "கொடுங்கள்" என்கிறார். அசெர்ட் செய்பவர் "இது என் உரிமை" என்று நின்று காட்டுகிறார்.

இதற்குக் கொச்சிக் காயலிலேயே ஒரு சான்று உண்டு. அந்தக் காலத்தில் புலையர் மக்கள் பொதுச் சாலையில் நடக்க முடியாது. கூடிப் பேசத் தரையில் இடம் கிடைக்காது. மீனவக் குடும்பத்தில் பிறந்த கவிஞர் பண்டிட் கருப்பனும், கிருஷ்ணாதி ஆசானும் ஒரு வழி கண்டார்கள். 1913-ல் மக்கள் வள்ளங்களில் வந்தார்கள். வள்ளங்களைச் சேர்த்துக் கட்டினார்கள். மேலே பலகை போட்டார்கள். காயலின் நடுவிலேயே கூட்டம் நடந்தது. தரைக்குச் சொந்தக்காரர் உண்டு. தண்ணீரில் கூடாதே என்று யார் தடுப்பது?

3. ப்ரொக்ளெய்ம்

இந்தச் சொல்லுக்குள்ளும் கிளெய்ம் இருக்கிறது, பாருங்கள். எல்லோர் முன்னாலும் கூவிச் சொல்வது ப்ரொக்ளெய்ம். தமிழில் பறைசாற்றுதல். முன்பு அரசன் ஆணையை முரசறைந்து சொன்னார்கள். ஊரில் தண்டோரா போட்டார்கள்.

1936 நவம்பர் 12-ல் திருவிதாங்கூர் அரசர் சித்திரைத் திருநாள் ஓர் ஆணை வெளியிட்டார். அரசின் பொறுப்பில் இருந்த கோயில்களில் எல்லாச் சாதி இந்துக்களும் நுழையலாம் என்றது அந்த ஆணை. அதை ஆங்கிலத்தில் 'ப்ரொக்ளமேஷன்' என்றார்கள்.

அந்த ஆணை தானாக வந்ததா? இல்லை. 1924-ல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் நடந்தது. ஈரோட்டிலிருந்து பெரியார் போனார். சிறையும் கண்டார். முதலில் மக்கள் கேட்டார்கள். பிறகு உறுதியாக நின்றார்கள். அரசர் பறைசாற்றியது கடைசியில்தான்.

4. டிக்ளேர்

டிக்ளேர் என்றால் தெளிவாக அறிவிப்பது. அரசும் அறிவிக்கும், நாமும் அறிவிப்போம்.

1990 பிப்ரவரி 4-ல் எர்ணாகுளம் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. கும்பளங்கி இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1991 ஏப்ரல் 18-ல் கேரளம் முழுவதும் எழுத்தறிவு பெற்றதாகக் கோழிக்கோட்டில் அறிவித்தார்கள். மேடையில் அறிவித்தவர் அமைச்சர் அல்ல. வயதான காலத்தில் எழுதப் படிக்கக் கற்ற சேலக்கோடன் ஆயிஷா என்ற பெண்மணி.

2022 ஜனவரி 13-ல் கும்பளங்கியே ஒரு அறிவிப்பைக் கேட்டது. மாதவிடாய்க் காலத்துக்குப் பெண்களுக்குக் கப் கொடுத்து, அதைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். நாப்கின் இல்லாத முதல் பஞ்சாயத்து இதுவே என்று மாநில ஆளுநர் அறிவித்தார்.

இனி நம் அறிவிப்புக்கு வருவோம். படிவத்தின் அடியில் "ஐ ஹியர்பை டிக்ளேர்" என்று இருக்கும். "மேலே எழுதியது எல்லாம் உண்மை என்று நான் அறிவிக்கிறேன்" என்று பொருள். எழுதியவர் வேறொருவராக இருக்கலாம். சொன்னவர் கையெழுத்துப் போட்டவர்தான். வாக்காளர் பட்டியலுக்கான படிவத்தில் தெரிந்தே பொய் அறிவித்தால் ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

எனவே வெற்றுப் படிவத்தில் ஒருபோதும் கையெழுத்துப் போடாதீர்கள். "படித்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். அப்படிக் கேட்பதில் வெட்கம் எதற்கு?

செய்து பாருங்கள்

உங்கள் வங்கிப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். காப்பீட்டுக்காக 20 ரூபாய் கழித்திருக்கிறதா? இருந்தால் அதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள்.

வாக்காளர் வரைவுப் பட்டியல் வரும்போது உங்கள் பெயரைத் தேடுங்கள். பெயர் இல்லையென்றால் படிவம் 6 கொடுங்கள். அதுவும் ஒரு கிளெய்ம்தான்.