பூச்சுக்குள் உறங்கும் மருந்து – 6: கோடியில் ஒரு துகள்

இதயத் தமனியின் அடைப்பை விரித்துத் தாங்கும் கம்பிவலைக் குழாயான ஸ்டென்ட்டை அதன் மருந்துப் பூச்சோடு குடுவைக் கரைசலில் இட்டால், அதிலிருந்து நாளுக்கு எவ்வளவு மருந்து இறங்குகிறது என்று காட்டும் வளைகோடு அளவைச் சொல்லுமே தவிர வழியைச் சொல்லாது என்பது சென்ற இதழிலேயே விளக்கப்பட்டது. வழியை அறிய, பூச்சின் உள்ளே மருந்து எங்கே, எந்த உருவில் தங்கியிருக்கிறது என்று பார்த்தாக வேண்டும்.

2004இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டாக்ஸஸ் ஸ்டென்ட், ஸ்டைரீனும் ஐசோபியூட்டிலீனும் இணைந்த பாலிமரில் பாக்லிடாக்சல் என்னும் மருந்தைக் கலந்து பூசப்பட்டது. நுண்ணிய ஊசிமுனையால் பரப்பைத் தடவி மேடுபள்ளத்தையும் மென்மை வன்மையையும் அறியும் அணுவிசை நுண்ணோக்கி, அந்த மருந்து பாலிமரில் கரைந்து பரவாமல் தனித்தனி நுண்துகள்களாகப் பதிந்திருப்பதைக் காட்டியது. மேற்பரப்பை ஒட்டிய துகள்கள் கரைந்து வெளியேற, பாலிமரால் சூழப்பட்டவை உள்ளேயே நின்றுவிடுகின்றன. முதல் நான்கு வாரங்களில் மருந்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே வெளிவருவதன் காரணம் இதனால் விளங்குகிறது.

ஆயினும் ஊசி தொடுவது மேற்பரப்பை மட்டுமே. ஆழத்தைப் பார்க்க ஒளி வேண்டும். அந்த ஒளியின் வரலாறு சற்று விரிவாகவே சொல்லத் தக்கது. மூலக்கூறின்மேல் படும் ஒளி பெரும்பாலும் அதே நிறத்தோடு சிதறுகிறது. கோடியில் ஒன்று என்னும் அளவில் சில ஒளித்துகள்கள் மட்டும் மூலக்கூறின் அதிர்வோடு ஆற்றலைப் பரிமாறிக்கொண்டு நிறம் மாறுகின்றன; இந்த மாற்றம் பிணைப்புக்குப் பிணைப்பு வேறுபட்டு, நிறமாலையில் தனித்தனிக் கோடுகளாகத் தெரிகிறது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. இராமனும் வத்திராயிருப்பைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணனும் 1928இல் கல்கத்தாவில் இதைக் கண்டபோது அவர்களிடம் லேசர் இல்லை. தொலைநோக்கியின் வில்லையால் சூரிய ஒளியைத் திரட்டி, ஊதா வடிகட்டி வழியே திரவத்தில் செலுத்தி, அந்த ஊதாவை முற்றிலும் தடுக்கும் மற்றொரு வடிகட்டிக்குப் பின்னால் நின்று, எஞ்சி மினுங்கிய ஒளியைக் கண்ணாலேயே பார்த்தனர். கோடியில் ஒன்றை லேசரின்றிக் கண்ட அந்தக் கண்களை எண்ணுந்தோறும் வியப்பே மேலிடுகிறது.

இன்றைய குவிய இராமன் நுண்ணோக்கி அந்த வேலையை லேசரால் செய்கிறது; குவியத்துக்கு வெளியிலிருந்து வரும் ஒளியை ஒரு சிறு துளை தடுத்துவிடுவதால், பூச்சை அறுக்காமலும் சாயம் ஏற்றாமலும் ஏறக்குறைய ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆழத்துக்கு ஒரு படலமாகப் பார்க்க முடிகிறது. இங்கே ஒரு சிக்கலும் உண்டு: மருந்து, பாலிமர் இரண்டிலுமே பென்சீன் வளையங்கள் இருப்பதால் அவற்றின் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. ஆனால் கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலான இரட்டைப் பிணைப்பு பாக்லிடாக்சலில் உண்டு, அந்தப் பாலிமரில் இல்லை. அதன் கோட்டைப் பின்தொடர்ந்தால் மருந்து நிற்கும் இடங்கள் மட்டும் வரைபடமாக எழுகின்றன.

எனினும் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய நுண்துளைகளை இந்த முறையும் தெளிவாகக் காட்டாது. அவற்றைக் காண, காலியம் அயனிக் கற்றையால் பூச்சைச் சீவிச் சீவி, ஒவ்வொரு சீவலுக்குப் பின்னும் எலக்ட்ரான் நுண்ணோக்கியால் படமெடுக்க வேண்டும். இந்த இதழுக்கென அறிவிக்கப்பட்டிருந்தது அந்த முறையே. இராமனின் ஒளி இடத்தை எடுத்துக்கொண்டமையால் அது அடுத்த இதழில் இடம்பெறும்.