மாப்பிள்ளைக்குக் கிரீன் கார்டு... மணப்பெண்ணுக்குக் காத்திருப்பு!

"மாப்பிள்ளை அமெரிக்காவுல இருக்கார். கிரீன் கார்டு வேற வந்தாச்சு!"

இந்த வார்த்தையைக் கேட்டதும் பெண் வீட்டில் ஜாதகம்கூடப் பாதி பொருந்திவிடும். மூன்று வார லீவில் மாப்பிள்ளை வருவார். கல்யாணம், மறுவீடு, குலதெய்வம் கோயில் என்று நாட்கள் பறக்கும். "பேப்பர்ஸ் போட்டுட்டேன்... சீக்கிரம் கூப்பிட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவர் விமானம் ஏறிவிடுவார்.

அந்தச் 'சீக்கிரம்' சில சமயம் வருடக் கணக்கில் நீளும். ஃபைல் நகர்வது நம் கையில் இல்லை. ஆனால், அதற்குள் அந்தப் பெண்ணின் உடம்பும் மனசும் என்ன ஆகின்றன என்பது நம் கையில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஏன் இந்தத் தாமதம்?

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். எச்-1பி விசாவில் வேலை பார்ப்பவர் கல்யாணம் செய்துகொண்டால், மனைவி எச்-4 விசாவில் கூடவே போகலாம். அதுவே கிரீன் கார்டு வாங்கிய பிறகு கல்யாணம் செய்துகொண்டால் அந்த வழி அடைபட்டுவிடும். அவர் இப்போது எச்-1பி ஆள் இல்லையே! மனைவிக்காகத் தனியாக மனு போட்டு, எஃப்-2ஏ என்ற வரிசையில் நிற்க வேண்டும். இந்தப் பிரிவில் ஆண்டுக்கு இத்தனை விசாதான் என்று உச்சவரம்பு உண்டு. அமெரிக்கக் குடிமகனின் மனைவிக்கு அந்த உச்சவரம்பு கிடையாது.

2019 ஜூலை முதல் 2023 மார்ச் வரை எஃப்-2ஏ பிரிவில் வரிசையே இல்லாமல் இருந்தது. 2023 ஏப்ரலில் மறுபடி தேங்கிப்போனது. எனவே 'ஆறே மாசத்துல வந்துடும்' என்று யார் சத்தியம் செய்தாலும் நம்ப வேண்டாம். மாதா மாதம் அமெரிக்க அரசு வெளியிடும் விசா புல்லட்டினைப் பாருங்கள், போதும்.

'நடுவுல டூரிஸ்ட் விசாவுல போய்ட்டு வரலாமே?' என்று கேட்கலாம். தடை இல்லை. ஆனால், அங்கேயே குடியேற மனு போட்டிருக்கும் பெண், 'பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன்' என்று விசா அதிகாரியை நம்பவைப்பது கஷ்டம். கணவருக்கோ லீவு இல்லை. அவர் ஆறு மாதத்துக்கு மேல் இங்கே தங்கினால், குடியுரிமைக்கான கணக்கிலும் சிக்கல் வரலாம். ஆகவே, வருடத்துக்கு மூன்று வாரம்தான் தாம்பத்தியம்!

"இன்னும் விசேஷம் இல்லையா?"

கல்யாணமாகி ஒன்றரை வருடம் ஆனதும் மாமியார், அத்தை, பக்கத்து வீட்டு மாமி எல்லோரும் கேட்கும் கேள்வி இது. கேட்டுக் கேட்டு அந்தப் பெண்ணுக்கே சந்தேகம் வந்துவிடும். 'எனக்குத்தான் ஏதோ கோளாறோ?'

கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஒரு மாதவிலக்குச் சுழற்சியில் கரு தங்கக்கூடிய நாட்கள் சுமார் ஆறுதான். கருமுட்டை வெளியாகும் நாளும், அதற்கு முந்தைய ஐந்து நாட்களும். அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாட்களுக்கு முன் கருமுட்டை வெளியாகும். கணவரின் லீவில் அந்த ஆறு நாட்கள் அமையாமலே போகலாம். அமைந்தாலும், ஆரோக்கியமான இளம் தம்பதிக்குக்கூட ஒரு மாதத்தில் கரு தங்கும் வாய்ப்பு சுமார் நாலில் ஒன்றுதான்.

கருத்தடை எதுவும் இல்லாமல் 12 மாதம் சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்காவிட்டால்தான் டாக்டர்கள் அதைக் குழந்தையின்மை என்பார்கள். பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதம். வருடத்தில் 20 நாள் சேர்ந்திருந்தவர்களுக்கு அந்தக் கணக்கு இன்னும் தொடங்கவே இல்லை! மாமியார்மார்கள் இதைத் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாதவிலக்கு ஒழுங்கில்லை, தைராய்டு தொல்லை உண்டு, வயது 35-ஐ நெருங்குகிறது என்றால் மட்டும் காத்திருக்காமல் மகப்பேறு டாக்டரைப் பாருங்கள். கணவர் லீவில் வரும்போது அவருக்கும் ஒரு பரிசோதனை செய்துவிடுங்கள். பரிசோதனை என்றாலே பெண்ணுக்கு மட்டும்தான் என்பது எந்த ஊர் நியாயம்?

குழந்தை வேண்டும் என்று முடிவு செய்திருந்தால், கணவர் வருவதற்கு ஒரு மாதம் முன்பே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமில மாத்திரையை டாக்டரிடம் கேட்டு ஆரம்பியுங்கள்.

தடுப்பூசியும் எக்ஸ்ரேயும்

குடியேறும் விசாவுக்கு, தூதரகம் அங்கீகரித்த டாக்டரிடம் மட்டுமே மெடிக்கல் டெஸ்ட் எடுக்க வேண்டும். அதில் தட்டம்மை - புட்டாளம்மை - ருபெல்லா ஊசி, சின்னம்மை ஊசி ஆகியவற்றைக் கேட்பார்கள். இவற்றைக் கர்ப்பிணிகளுக்குப் போடக் கூடாது. போட்ட பிறகு ஒரு மாதம் கர்ப்பம் தரிக்கவும் கூடாது. ஆகவே கணவர் வருகிற தேதியைப் பார்த்து, அதற்கு ஒரு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். கர்ப்பமாக இருந்தால் இந்த ஊசிகளுக்கு விலக்கு உண்டு.

15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மார்பு எக்ஸ்ரே உண்டு. கர்ப்பிணி என்றால் வயிற்றை மறைத்து எடுப்பார்கள். பிரசவம் வரை தள்ளிப்போடலாம். ஆனால் விசாவும் தள்ளிப்போகும். எக்ஸ்ரேயில் காசநோய்ச் சந்தேகம் வந்தால் மூன்று முறை சளி எடுத்துச் சோதிப்பார்கள். முடிவு வரச் சுமார் எட்டு வாரம் ஆகும். விடாத இருமல் இருந்தால் இப்போதே கவனியுங்கள்.

ராத்திரி ஒரு மணி போன்

கலிபோர்னியாவில் கோடைக்கால மதியம் 12.30 மணி என்றால் இங்கே நடுராத்திரி ஒரு மணி. 'அவருக்கு லஞ்ச் டைம்ல மட்டும்தான் பேச முடியும்' என்று தினமும் கண் விழித்தால் தலைவலி, எரிச்சல், எடை கூடுதல் எல்லாம் தேடி வரும். ஏழு மணி நேரத் தூக்கம் கட்டாயம். அவருக்கு ராத்திரி எட்டு மணி என்றால் இங்கே காலை எட்டரை. அந்த நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அரை மணி பேசினாலும் தெளிவாகப் பேசலாம். 'விசா என்னாச்சு?' என்ற பேச்சை வாரத்தில் ஒரு நாளோடு வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் என்ன சாப்பிட்டீர்கள், யாரோடு சண்டை என்று பேசுங்கள். குடும்பம் என்பது அதுதானே!

'எப்படியும் போகப்போறோமே' என்று வேலையை விடாதீர்கள். குடியேறும் விசாவில் போனதும் அங்கே வேலை பார்க்கலாம். அப்போது இங்கத்திய அனுபவம் கைகொடுக்கும். வீட்டில் சும்மா இருந்தால் காத்திருப்பு இரண்டு மடங்காகத் தெரியும்.

மனசு சோர்ந்தால்...

எதிலும் பிடிப்பில்லை, பசியில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது... இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். 'டாக்டர்கிட்ட போனா விசா போயிடும்' என்று பயந்து பலர் மறைக்கிறார்கள். சட்டம் முக்கியமாகப் பார்ப்பது, மனநோயோடு சேர்ந்து தனக்கோ பிறருக்கோ ஆபத்தான நடத்தை உண்டா என்பதை. மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்தார் என்பதற்காக மட்டும் விசாவை மறுக்க வேண்டும் என்று அதில் இல்லை. அரசின் டெலி-மானஸ் எண் 14416-க்குத் தமிழிலேயே பேசலாம். கட்டணம் கிடையாது.

அங்கே தனியறையில் ரொட்டியும் பீட்ஸாவும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் கணவரும் மனிதர்தான். 'ஆம்பளைக்கு என்ன?' என்று விட்டுவிடாதீர்கள். லீவில் வரும்போது அவருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்துவிடுங்கள்.

கல்யாணத்துக்கு முன்பே கேளுங்கள்

* மாப்பிள்ளை இருப்பது எந்த விசாவில்? கிரீன் கார்டு கைக்கு வந்துவிட்டதா, வரப்போகிறதா? கார்டு கிடைப்பதற்கு முன்பே கல்யாணம் நடந்திருந்தால், வேலை மூலம் வரும் கார்டில் மனைவி தனி மனு இல்லாமல் பின்தொடர்ந்து போக வழி உண்டு. சில மாத வித்தியாசம் சில வருடத்தை மிச்சப்படுத்தும்.

* கார்டு வந்துவிட்டது என்றால், குடியுரிமைக்கு எப்போது விண்ணப்பிக்க முடியும்? பொதுவாகக் கார்டு வாங்கி ஐந்து வருடம். அவர் குடிமகன் ஆனதும் மனைவியின் மனு வரிசையைத் தாண்டிவிடும். ஆனால் அதற்குள் இங்கே குழந்தை பிறந்திருந்தால், குழந்தைக்குத் தனி மனு போட வேண்டும். மறந்துவிடாதீர்கள்.

* தமிழ்நாட்டில் 2009-ம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம். மாப்பிள்ளை விமானம் ஏறுவதற்கு முன்பே முடித்துச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள்.

'இதையெல்லாம் கேட்டா சம்பந்தி வீட்ல என்ன நினைப்பாங்க?' என்று தயங்காதீர்கள். நகை எத்தனை பவுன் என்று கூச்சமில்லாமல் பேசுகிறோமே... நம் பெண் எத்தனை நாள் தனியாக இருக்க வேண்டியிருக்கும் என்று கேட்பதில் என்ன கூச்சம்?